போன பிறகு மிஞ்சும் சலம்

"இருமேக்கை, தும்மேக்கை கொஞ்சம் போயிடுது பிள்ளை."

நீரிழிவு கிளினிக்குக்கு வரும் அம்மாமார் இதை மருத்துவரிடம் சொல்வது குறைவு. கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பும்போது பக்கத்தில் நிற்கும் தாதியிடம், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதற்கு முன் பல வருடம் துணி மடித்து வைத்துச் சமாளித்திருப்பார்கள். நல்லூரில் கொடியேறி 25 நாளும், ஒருநாள்கூட வீதியில் நின்று கும்பிட முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஒப்பரேசன் செய்தா நிக்குமோ?"

நிற்கும். இருமும்போது ஒழுகும் வகைக்கு இன்று செய்யப்படும் சத்திரசிகிச்சைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சீனி வருத்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் சீனி உள்ளவருக்கு 'ஓம்' என்று சொல்ல முன்னர் ஓர் அளவு கையில் இருக்கவேண்டும்: சலம் போய் முடிந்த பிறகு சலப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது? அதை அளக்காமல் குறித்த ஒப்பரேசன் திகதி, என் பார்வையில், அவசரப்பட்டுக் குறித்த திகதி.

கிணற்றடித் தொட்டியின் அடியில் ஒரு துவாரமும், அதை அடைக்க ஒரு துணிச்சுருளும் இருக்கும். சுருள் தளர்ந்தால் தொட்டி அரைவாசி நிரம்பியிருக்கும்போதே கசியும். பிரசவங்களாலும், மாதவிடாய் நின்றபின் இழையங்கள் மெலிவதாலும், உடற்பருமனாலும் சலக்குழாயைக் கீழிருந்து தாங்கும் தசை தளர்வதும் இப்படித்தான். இருமல், தும்மல், சிரிப்பு, வாளி தூக்குவது என்று வயிற்றில் அழுத்தம் ஏறும் கணத்தில் குழாய் மூடி நிற்காமல் சிறிது வெளியேறும். இதுதான் அழுத்தக் கசிவு. சலக்குழாயின் கீழே தாங்கலாக ஒரு பட்டியை, அதாவது நாடாவை, வைக்கும் சத்திரசிகிச்சை திருத்துவது இந்தச் சுருளை மட்டுமே.

சீனி வருத்தம் தாக்குவது தொட்டியை. வருடக்கணக்காக உயர்ந்து நிற்கும் சீனி நரம்புகளையும், நரம்புகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் பழுதாக்கும். பாதம் விறைப்பதுபோலச் சலப்பையும் விறைக்கும். தொடக்கத்தில் பலருக்குச் சலப்பைத் தசை கட்டுப்பாடில்லாமல் தானாகவே சுருங்கும்; திடீரென்று முட்டும், கக்கூசுக்குப் போய்ச் சேர முன்னர் போய்விடும். இது அவசரக் கசிவு. காலம் போகப்போக நிலைமை எதிர்ப்பக்கம் திரும்பும். வழமையாக 150 முதல் 200 மி.லீ.யில் முதல் உணர்வு வந்து, 400, 500இல் எழும்பிப் போகத் தோன்றும். நரம்பு கெட்டவருக்கு 800 மி.லீ. நிரம்பினாலும் ஒன்றும் தெரியாது. அளவுக்கு மிஞ்சி இழுபட்ட தசை சுருங்கும் வலுவை இழக்கும். பாதி போகும், பாதி மிஞ்சும். மிஞ்சியது நிரம்பி வழியும்.

பொறி இருப்பது இங்கேதான். நிரம்பி வழியும் சலமும் இருமும்போதுதான் அதிகம் வெளியே வரும். நோயாளியின் வாயிலிருந்து வரும் வசனம் ஒன்று, வருத்தம் இரண்டு. வடியாத தொட்டிக்குச் சுருளை இறுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை: சலம் அடைபடும், கிருமி தொற்றும், சிறுநீரகம்வரை பின்னோக்கி அழுத்தும். ஏற்கெனவே சீனியால் தேய்ந்துகொண்டிருக்கும் சிறுநீரகம் அதைத் தாங்காது.

இவற்றைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது மூன்று நாள் குறிப்பு. சமையலுக்கு வைத்திருக்கும் 1 லீற்றர் பிளாஸ்ரிக் அளவுச்சாடி ஒன்றைக் கக்கூசுக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் நேரம், போன அளவு, இடையில் கசிந்ததா, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள் என்பவற்றை எழுதவேண்டும். மூன்று நாளும் தொடர்ந்து வரவேண்டியதில்லை. ஆனால் இரவுகளை விடக்கூடாது. ஒரு நாள் மொத்தம் 3 லீற்றரைத் தாண்டினால் சலப்பையைப் பார்க்க முன் சீனியைப் பாருங்கள். இரத்தத்தில் சீனி சுமார் 180 mg/dl என்ற அளவைக் கடந்தால் சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சலத்தில் விடும். சீனி போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். இப்படி வரும் கசிவு சில கிழமைகளில் குளிசையாலும் இன்சுலினாலும் பாதியாகக் குறைவதுண்டு. அதற்குப் போய்க் கத்தி வைப்பானேன்? ஒவ்வொரு தடவையும் 80, 100 மி.லீ. என்று 15 தடவை எழுதியிருந்தால் அவசரக் கசிவையோ கிருமித்தொற்றையோ நினைக்கவேண்டும். காலையில் ஒரே தடவையில் 900 என்று எழுதியிருந்தால் விறைத்த சலப்பை. குறிப்பு எழுதச் சொன்னால் சலிப்படைகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் செலவில்லாமல் இவ்வளவு சொல்லும் வேறு பரிசோதனை இல்லை.

அடுத்தது மருந்துப் பை. கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் கொண்டுவாருங்கள். நீரிழிவுக் கொப்பி, பெண்நோயியல் கொப்பி இரண்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின் சலக்குழாயின் தசையைத் தளர்த்தும். அதை மாற்றியதும் ஒழுகல் நின்றவர்கள் உண்டு. பிரஷருக்கே கொடுக்கும் எனலாப்ரில், கப்டோப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமல் கசிவைத் தரும். லொசாற்றன் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினால் இரண்டும் போகலாம். கால் எரிவுக்கு இரவில் எடுக்கும் அமிற்ரிப்ரிலின் எதிர்ப்பக்கம் வேலை செய்து சலத்தை மறிக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய சீனிக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றியே வேலை செய்பவை. அதனால் சலமும் கூடும், பெண்ணுறுப்பில் பூஞ்சணமும் வரும். எதையும் தானாக நிறுத்தவேண்டாம். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை செய்யும் நன்மை பெரிது. கேட்டு மாற்றவேண்டும்.

வீட்டையும் பார்க்கவேண்டும். பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் கோடியில் இருக்கும். முழங்கால் நோ, பாதம் விறைப்பு, இருட்டு, படி, குந்தியிருக்கும் கோப்பை. இவ்வளவையும் கடந்து போய்ச் சேரமுன் போவதைச் சலப்பையின் குற்றம் என்று சொல்லமுடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொமோட் கதிரை வைப்பதால் இரவுக் கசிவு அடங்கிவிடும் வீடுகள் இருக்கின்றன.

இனி அந்த மிச்சம். சலம் போய்வந்த 10, 15 நிமிடத்துக்குள் வயிற்றில் ஸ்கேன் வைத்து சலப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் எடுத்து, பெருக்கி, 0.52ஆல் மறுபடி பெருக்கினால் மி.லீ. வரும். 10 × 8 × 6 என்றால் ஏறக்குறைய 250. ஸ்கேன் இல்லாத இடத்தில் மெல்லிய கதீற்றர் ஒன்றைப் போட்டு வடித்து அளக்கலாம். அளவு அதில் இன்னும் சரியாக இருக்கும், ஆனால் சீனி உள்ளவருக்குத் தேவையில்லாமல் குழாய் போடுவது கிருமியை அழைப்பது.

இந்த அளவு பிழைப்பது அதிகமாக ஒரே காரணத்தால்: "ஸ்கேனுக்குத் தண்ணி நல்லாக் குடிச்சிட்டு வாங்கோ" என்று சொல்லியிருப்பார்கள். அம்மா 1 லீற்றர் குடித்து, முட்டி முட்டி வரிசையில் இருந்து, கடைசியில் நாலு பேர் வெளியே காத்திருக்கும் கக்கூசில் அரைகுறையாகப் போய்விட்டு வருவார். மிச்சம் 200 என்று வரும். அளவுக்கு மிஞ்சி நிரப்பிய சலப்பை யாருக்கும் முழுதாக வடியாது. ஆகவே ஒருமுறை மிச்சம் அதிகமாக வந்தால், வழமையான நேரத்தில், ஆறுதலாகப் போகவிட்டு இன்னொரு நாள் மறுபடி அளக்கவேண்டும். இரண்டு தடவையும் 50க்குக் கீழ் என்றால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் யோசிக்கவேண்டும். 150க்கு மேல் நிலைத்து நின்றால், சலப்பைத் தசையின் வலுவைச் சோதிக்காமல் நாடாவைப் பற்றிப் பேசக்கூடாது.

அந்தச் சோதனைதான் யூரோடைனமிக்ஸ். சலப்பைக்குள் மெல்லிய அழுத்தக் குழாய் ஒன்று, மலவாயிலில் இன்னொன்று. நிமிடத்துக்கு சுமார் 50 மி.லீ. வீதம் நிரப்பி, எப்போது உணர்வு வருகிறது, இடையில் தசை தானாகச் சுருங்குகிறதா, இருமும்போது எந்த அழுத்தத்தில் கசிகிறது, போகும்போது தசை தள்ளுகிறதா அல்லது வயிற்றால் முக்கித் தள்ளுகிறாரா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, சிக்கலில்லாத அழுத்தக் கசிவுக்கு இந்தச் சோதனையால் முடிவு மேம்படவில்லை என்று காட்டியது. அதைச் சொல்லி எல்லாருக்கும் சோதனையைத் தவிர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு சிக்கலில்லாதவர்களைப் பற்றியது. 15 வருடச் சீனியும் விறைத்த பாதமும் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. யூரோடைனமிக்ஸ் செய்ய வேறு ஊருக்குப் பயணப்படவேண்டி வந்தாலும் இவர்களுக்கு அது வீண்பயணமல்ல. 60 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழேயே கசிகிறதென்றால் சலக்குழாயின் வாய் மிகவும் பலவீனமானது என்று அர்த்தம். எந்த நாடா என்பதைத் தெரிவுசெய்ய அது உதவும்.

பரிசோதனைகள் நடக்கும் அதே காலத்தில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தொடங்கியிருக்கவேண்டும். மலவாயிலையும் சலவாயிலையும் உள்ளே மேலே இழுத்துப் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்துவது. ஒரு தடவைக்கு 8 பிடிப்பாவது, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்குவது பயிற்சியல்ல. மூச்சைப் பிடித்தால் கீழ்நோக்கித் தள்ளிக் கெடுதல்தான் செய்கிறது. சலம் போகும்போது இடையில் மறித்துப் பழகும் வழக்கத்தைச் சீனி உள்ளவர்கள் விட்டுவிடவேண்டும். மிச்சம் வைக்கப் பழக்குவதாகிவிடும். உடற்பருமனைக் குறைப்பதன் பலன் இங்கே நேரடியானது. 2009இல் வெளியான ஆய்வொன்றில், உடல் எடையில் சுமார் 8 வீதம் குறைத்த பெண்களுக்குக் கிழமைக்கு வரும் கசிவு 47 வீதம் குறைந்தது. 75 கிலோ உள்ளவருக்கு அது 6 கிலோ. இரவுப் புட்டைக் குறைத்து, மாலையில் நடந்தால் எட்டக்கூடிய தூரம்.

மூன்று மாதம் என்பது சீனிக்கும் பொருந்தும் கணக்கு. எச்பிஏ1சி காட்டுவது கடந்த மூன்று மாதத்துச் சீனியின் சராசரி. சத்திரசிகிச்சைக்கு முன் அது 8.5 வீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டல். 8க்குக் கீழ் வரும்வரை பொறுப்பவர்களும் உண்டு. ஒழுகலால் யாரும் அன்றே உயிர் இழப்பதில்லை. இது காத்திருக்கக்கூடிய சத்திரசிகிச்சை. உயர்ந்த சீனியில் வெட்டிய யோனிச் சுவர் சரியாகப் பொருந்தாது, பொருந்தாத வெட்டின் ஊடாக நாடா வெளியே தெரியும். நாடா வெளித்தெரிவதற்கான ஆபத்துக் காரணிகளில் நீரிழிவும் ஒன்று. இரத்தசோகை உள்ளவருக்கு எச்பிஏ1சி பொய் சொல்லலாம் என்பதையும் மறக்கவேண்டாம். விரல் நுனிச் சோதனைக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இதே காலத்தில் யோனியைத் தயார்ப்படுத்துவார்கள். தயிர்போன்ற வெள்ளைபடுதலும் கடியும் இருந்தால் பூஞ்சணம். குளோற்றிமசோல் வைத்து முழுதாக மாறும்வரை திகதி வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனிக்குள் பூசும் ஈஸ்திரோஜன் கிறீம், இரண்டு கிழமை தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு நாள். சலத்தை வளர்ப்புச் சோதனைக்குக் கட்டாயம் அனுப்பவேண்டும். சீனி உள்ள பெண்களுக்கு எரிவோ காய்ச்சலோ இல்லாமலே சலத்தில் கிருமி இருப்பது சாதாரணம். மற்ற நேரங்களில் அதற்கு மருந்து தேவையில்லை. சலப்பைக்குள் கருவி போகும் நாளுக்கு முன் தேவை.

சத்திரசிகிச்சை நாளில் சீனி உள்ளவர் பட்டியலின் முதலாவது ஆளாக இருக்கவேண்டும். நீண்ட பட்டினி இன்சுலினோடு சேர்ந்தால் சீனி இறங்கிப்போகும். கந்தசட்டி பிடித்துப் பழகியவர்கள் "பசி தாங்குவன்" என்பார்கள், பிரச்சினை பசியல்ல. திட உணவு 6 மணித்தியாலத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம்வரை. கிளிக்லசைட் போன்ற குளிசை அன்று காலை வேண்டாம். மெற்போமினையும் பெரும்பாலும் அன்று காலை விடச் சொல்வார்கள். காலை, மாலை கலவை இன்சுலின் போடுபவருக்கு முதல்நாள் மாலை அளவு மாறாது, அன்று காலை அளவு பாதி என்பது பொதுவழக்கம். இறுதி முடிவு மயக்க மருந்து மருத்துவருடையது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டையும் மூன்று நாளுக்கு முன்னரே நிறுத்தவேண்டும். இதை மறந்தால் வரும் ஆபத்து விசித்திரமானது: இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறும், ஆனால் சீனி 200க்குக் கீழேயே நிற்கலாம். மீற்றரைப் பார்த்து எல்லாரும் திருப்தியாக இருப்பார்கள்; நோயாளி சத்தியெடுத்து மூச்சு வாங்குவார். தியேட்டரில் சீனியை 100 முதல் 180 வரை வைத்திருப்பது இலக்கு. சத்திக்கு எதிராகப் போடும் டெக்சாமெதசோன் ஊசி அன்றிரவும் மறுநாளும் சீனியை ஏற்றும் என்பதை விடுதித் தாதிக்கு எழுதிவைக்கவேண்டும்.

நாடா முறையை சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்ரன், பீற்றர் பெற்றோஸ் என்பவருடன் சேர்ந்து 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கினார். பொலிபுரொப்பிலீன் இழையால் பெரிய கண்களாகப் பின்னிய, ஏறக்குறைய 1 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பட்டி அது. விறைப்பு ஊசி முதுகில். கால்களை உயர்த்தி வைப்பார்கள். பாதம் விறைத்தவருக்கு அழுத்தம் தெரியாது என்பதால் குதிக்காலுக்கும் முழங்காலுக்கும் பஞ்சணை வைப்பது கட்டாயம். சலப்பையை வடித்து, சலவாயிலிலிருந்து 1 செ.மீ. உள்ளே யோனியின் முன்சுவரில் ஒன்றரை செ.மீ. வெட்டு. அங்கிருந்து இருபக்கமும் கத்தரிக்கோலால் சிறு சுரங்கம். வளைந்த ஊசியை அந்தச் சுரங்கத்தால் நுழைத்து, இடுப்பு முன்னெலும்பின் பின்பக்கத்தை உரசிக்கொண்டே மேலே கொண்டுபோய், அடிவயிற்றில் நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வெளியே எடுப்பார்கள். மறுபக்கமும் அப்படியே. எலும்பை விட்டு ஊசி விலகினால் சலப்பையைக் குத்தும். 100 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது நடக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் 300 மி.லீ.வரை நிரப்பி, 70 பாகைக் கமெராவால் உள்ளே பார்க்கிறார்கள். ஊசி உள்ளே தெரிந்தால் இழுத்தெடுத்து மீண்டும் போடலாம். பெரிய பாதிப்பில்லை, கதீற்றர் ஓரிரு நாள் கூட இருக்கும். பார்க்காமல் விட்டுவிட்டால் நாடா சலப்பைக்குள்ளே கிடந்து கல் கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கணம் நாடாவைச் சரிசெய்வது. சலக்குழாய்க்கும் நாடாவுக்கும் நடுவே கத்தரிக்கோலை நுழைத்துப் பிடித்துக்கொண்டே பிளாஸ்ரிக் உறையை உருவவேண்டும். நாடா குழாயைத் தொட்டும் தொடாமலும் கிடக்கவேண்டும். இருமும்போது மட்டும் குழாய் அதில் போய் அமரும். "ஒரு சொட்டும் போகக்கூடாது" என்று இறுக்குவது, சாதாரண நோயாளிக்கே பிழை. வலுக்குறைந்த சலப்பை உள்ளவருக்கு அது வாழ்நாள் கதீற்றர். சற்றுத் தளர்வாக விட்டு, பெருஞ்சிரிப்புக்கு ஒரு சொட்டுப் போனாலும் சலம் முழுதாக வடிவதே சீனி உள்ளவருக்கு நல்ல முடிவு என்று நினைக்கிறேன். இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவைக்காவிட்டால், பிறகு சொல்வது சாட்டுப்போல் கேட்கும்.

2001இல் பிரான்சின் டெலோர்ம் நாடாவைத் தொடையின் உட்பக்கத்தால் கொண்டுபோகும் வழியை அறிமுகப்படுத்தினார். சலப்பையும் குடலும் அந்தப் பாதையில் இல்லை. இரண்டையும் 597 பெண்களில் ஒப்பிட்ட 2010 ஆய்வில், ஒரு வருடத்தில் வெற்றி எலும்பின் பின்வழியில் 80.8 வீதம், தொடைவழியில் 77.7 வீதம். சலம் அடைபட்டு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டது எலும்பின் பின்னால் போட்ட முறையில் 2.7 வீதம், தொடைவழியில் ஒருவருக்குமில்லை. தொடைவழிக்குரிய விலை, தொடை நோவும் விறைப்பும் கூடுவது. சீனிக்காரருக்கு மிச்சம் எல்லையில் நிற்கிறதென்றால் தொடைவழியை விரும்புவேன். சலக்குழாயின் வாய் மிகவும் பலவீனம், மிச்சமோ குறைவு என்றால் எலும்பின் பின்வழி. இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் நாடாவே வேண்டாம்.

அப்படியானவருக்கு ஊசிப்பொருள் இருக்கிறது. 97.5 வீதம் தண்ணீரான பொலிஅக்கிரிலமைட் களியை, கமெராவால் பார்த்துக்கொண்டு சலக்குழாய்ச் சுவரில் மூன்று நாலு இடத்தில், மொத்தம் 1.5 முதல் 2 மி.லீ. போடுவது. உள்ளூர் விறைப்பே போதும். இன்சுலின் அளவைக்கூடப் பெரிதாக மாற்றவேண்டியதில்லை. ஆனால் நாடாவோடு நேரடியாக ஒப்பிட்ட பின்லாந்து ஆய்வில், ஒரு வருடத்தில் நாடாப் பெண்களில் 100க்கு 95 பேர் திருப்திப்பட்டபோது இதில் 60 பேரே. பலருக்கு இரண்டாம் தடவை போடவேண்டி வரும். தெரிந்துகொண்டு தெரிவுசெய்தால் நல்ல வழி.

நாடா என்றதும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மறிப்பது இப்போது வழமை. காரணம் இல்லாமலில்லை. 2018 யூலையில் இங்கிலாந்து, இந்த நாடா உட்பட யோனிவழி வலைகளைப் பயன்படுத்துவதை இடைநிறுத்தியது, 2020இல் வெளியான கம்பர்லெஜ் என்ற சுயாதீன விசாரணை அறிக்கை பெண்கள் பட்ட துன்பத்தைப் பதிவுசெய்தது. நோவு, வெளித்தெரிதல், எடுக்க முடியாமை எல்லாம் உண்மை. வலை வேண்டாம் என்பவருக்கு அவருடைய வயிற்றுச் சுவரிலிருந்தே 8, 10 செ.மீ. நீளப் பட்டி வெட்டி வைக்கலாம். அல்லது 1961இல் பேர்ச் விவரித்தபடி யோனிச் சுவரை இடுப்பெலும்பின் இழைநாருக்குத் தைத்துத் தூக்கலாம். 655 பெண்களை வைத்துச் செய்த 2007 ஆய்வில், சொந்த இழையப் பட்டி அழுத்தக் கசிவில் 66 வீதம், பேர்ச் 49 வீதம் வெற்றி. ஆனால் பட்டி வைத்தவர்களுக்குச் சலத் தொற்றும் சலம் போகச் சிரமமும் அதிகம். பெருத்த வயிறு, சீனி, அடிவயிற்றில் வெட்டு மூன்றும் சேர்ந்தால் காயம் சீழ் வைக்கும். நீரிழிவில் 'வலையில்லாதது பாதுகாப்பானது' என்ற சமன்பாடு அவ்வளவு நேராக இல்லை.

அவசரக் கசிவுக்கு நாடா எதுவும் செய்யாது, சிலருக்குக் கூட்டியும்விடும். அதற்குப் பழக்கமும் குளிசையும் தோற்றபின் வருவது பொற்றொக்ஸ் என்ற, தசையைத் தளர்த்தும் ஊசிமருந்து: 100 அலகை 10 மி.லீ. உப்புநீரில் கரைத்து, சலப்பைச் சுவரில் 20 இடத்தில் அரை மி.லீ. வீதம். பலன் ஆறு மாதமளவு. இங்கும் மிச்சக் கணக்கே மேலெழும்புகிறது. மருந்தின் அனுமதி ஆய்வுகளில் சலம் அடைபட்டது நீரிழிவு உள்ளவர்களில் 12.3 வீதம், இல்லாதவர்களில் 6.3 வீதம். ஏறக்குறைய இரட்டிப்பு. தனக்குத்தானே கதீற்றர் போடப் பழகச் சம்மதிக்காதவருக்கு இந்த ஊசி போடக்கூடாது. கண்ணும் மங்கி, விரலும் விறைத்தவர் எப்படிப் போடுவார் என்பதை ஊசிக்கு முன்னரே மகளோடோ மருமகளோடோ பேசிவிடவேண்டும்.

வெறுமனே நிரம்பி வழிபவருக்குச் சத்திரசிகிச்சையே இல்லை. மூன்று மணித்தியாலத்துக்கொருமுறை, உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் போவது. போய் முடித்து எழும்பி நின்று, இரண்டு நிமிடத்தில் மறுபடி இருந்து போவது. போதாவிட்டால் நாளுக்கு 4 முதல் 6 தடவை, 12 அல்லது 14 அளவுக் குழாயைத் தானே போட்டு வடிப்பது.

நாடா போட்ட மறுநாள் காலை விடுதியில் நடக்கும் சோதனை எளிமையானது. கதீற்றரால் 300 மி.லீ. உப்புநீரை விட்டு, குழாயை எடுத்து, போகச் சொல்வார்கள். 200 போனால் தேர்ச்சி. இங்கே அவசரப்படும் விடுதிகள் உண்டு: "போச்சோ அம்மா?" "ஓம் பிள்ளை, போச்சு." அளக்கவில்லை. விறைத்த சலப்பைக்காரருக்கு 100 போனாலும் போனதுதான், உள்ளே 600 இருந்தாலும் வலி தெரியாது. ஆகவே பாத்திரத்தில் அளந்து, ஸ்கேனில் மிச்சம் பார்த்து, இரண்டு தடவை சரிவந்த பிறகே வீடு. சரிவராவிட்டால் ஒரு கிழமை கதீற்றரோடு வீட்டுக்குப் போய் மறுபடி சோதிக்கலாம். வீக்கம் வற்ற அநேகருக்குத் திறந்துவிடும். அப்போதும் மறித்தால் இரண்டு கிழமைக்குள் வெட்டைத் திறந்து நாடாவைக் கீழ்நோக்கி இழுத்துத் தளர்த்துவது சுலபம். அதற்குமேல் இழையம் பற்றிக்கொள்ளும், வெட்டத்தான் வேண்டும்.

ஆறு கிழமைக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கவேண்டாம் என்பதை வீட்டு மொழியில் சொன்னால்: கிணற்றுவாளி நிறையத் தண்ணீர், பேரப்பிள்ளை, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் அடங்கும். மலச்சிக்கலும் பாரந்தூக்குவதற்குச் சமன். தாம்பத்தியமும் ஆறு கிழமைக்கு இல்லை. காய்ச்சல், அடிவயிறு கல்லாதல், சீழ் மணம், தொடையில் சிவந்து பரவும் வீக்கம் இவற்றில் எதுவும் கிளினிக் திகதிவரை காத்திருக்காது. சீனி உள்ளவருக்குத் தோலின் கீழ்த் தொற்று ஒரே இரவில் பரவக்கூடும்.

கொப்பியில் எழுதிவைக்கவேண்டியவை: எந்த வழி நாடா, எந்தத் திகதி, வீட்டுக்குப் போகும்போது மிச்சம் எவ்வளவு. பிறகு ஆறாம் கிழமை, அதன்பின் வருடத்துக்கொருமுறை அதே அளவு. நாடா 17 வருடம் கழிந்தும் வேலை செய்வதைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீனி அவ்வளவு காலமும் சும்மா இருக்காது. போட்ட ஆண்டில் 40 மி.லீ. ஆக இருந்த மிச்சம் ஆறு வருடத்தில் 90, எட்டில் 180 என்று மெதுவாக ஏறும். அம்மா திரும்பவும் "போயிடுது பிள்ளை" என்று வந்து நிற்பார். நாடா அறுந்துவிட்டது என்று இன்னொரு நாடா போடுவதா, இருப்பதை வெட்டுவதா, மூன்று மணித்தியாலக் கணக்கில் போகச் சொல்வதா என்பதைக் கொப்பியில் வரிசையாகக் கிடக்கும் அந்த எண்களை வைத்துத்தான் தீர்மானிக்கலாம்.